கலையாத கூட்டம்

நோய் அரியதாயின் அதற்குப் பணம் ஒதுக்கி ஆராய்வோரும் அரியரே. ஈரலில் வேறு பழுதில்லாத இளையோரைப் பற்றும் ஃபைப்ரோலமெல்லர் புற்றுநோய் அத்தகையது. அமெரிக்காவில் அந்நோயுற்ற இளைஞர் ஒருவர், 2009-ஆம் ஆண்டு, குடும்பத்தாரையும் நண்பரையும் கூட்டி, ஆராய்ச்சிக்கென ஓர் அறநிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டே மறைந்தார். தொடங்கியவர் போனபின் கூட்டம் கலைவதே நாம் பல சங்கங்களில் கண்டது, இவர்கள் கலையவில்லை.

அதே நோய்க்குப் பன்னிரண்டு வயதில் ஆளாகி, அறுவையால் பிழைத்த எலானா சைமன் என்னும் மாணவி, விஞ்ஞானிகளோடு சேர்ந்து 15 நோயாளரின் கட்டிகளை ஆராய்ந்தார், அந்நிறுவனமும் உதவிற்று. அனைத்திலும் ஒரே மரபணுப் பிழை இருந்ததை 2014-இல் வெளியிட்டனர். மருந்து தேடுவோர்க்கு அன்றுதான் இலக்குத் தெரிந்தது. பணத்தினும் நம்மை நெகிழ்வித்தது ஒன்று: அக்கட்டித் திசுக்களை நோயாளரும் குடும்பத்தாரும் மனமுவந்து ஈந்தனர்.