கிழட்டு எலிக்குக் கிடைத்த ஆயுள்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஈஸ்டர் தீவு என்று ஒரு தீவு. சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தூரம். பிரம்மாண்டமான கற்சிலைகளுக்குப் பெயர் போனது.

1964-ம் ஆண்டின் கடைசியில் கனடா நாட்டு டாக்டர்கள் கப்பல் ஏறி அங்கே போனார்கள். தீவு மக்களின் உடல்நிலையை ஆராய்வது நோக்கம். திரும்பும்போது கொஞ்சம் மண்ணும் எடுத்து வந்தார்கள். மண்ணில் என்ன கிடைக்கும் என்கிறீர்களா? அதில் வாழ்ந்த ஒரு நுண்கிருமியிலிருந்துதான் 'ராபமைசின்' என்ற மருந்து பிறந்தது. தீவு மக்கள் தங்கள் ஊரை 'ராபா நூயி' என்பார்கள். அந்தப் பெயரே மருந்துக்கும் வந்தது.

மருந்தைப் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர், பஞ்சாபில் பிறந்த டாக்டர் சுரேந்திர நாத் சேகல். மான்ட்ரியல் நகரில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவருக்கு வேலை. 1980-களின் தொடக்கத்தில் கம்பெனி அந்த ஆராய்ச்சிச் சாலையை மூடியது. ராபமைசினையும் கைவிட்டது. சேகலுக்கு மனம் கேட்கவில்லை. மருந்தைக் குப்பியில் அடைத்து, வீட்டு ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். நிர்வாகம் மாறிய பிறகு, புதியவர்களிடம் வாதாடி ஆராய்ச்சியைத் திரும்பத் தொடங்க வைத்தார். 1999-ல் அமெரிக்க அரசாங்கம் மருந்துக்கு அனுமதி தந்தது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் எதிர்க்காமல் தடுப்பதே அதன் வேலை.

ஆயுள் சமாசாரம் பிறகுதான் வந்தது. சுண்டெலிகளின் தீனியில் இதைக் கலந்து கொடுக்க அமெரிக்க விஞ்ஞானிகள் திட்டமிட்டார்கள். மருந்து கெடாமல் கலக்கும் வழியைக் கண்டுபிடிக்கவே நாளாயிற்று. அதற்குள் எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. மனிதக் கணக்கில் சுமார் 60 வயது! வேலை போயிற்று என்றுதான் நாம் நினைத்திருப்போம். அவர்கள் விடவில்லை. 2009-ல் முடிவு வெளியாயிற்று. கடைசிவரை தாக்குப்பிடித்த எலிகளின் வயதைக் கணக்கிட்டால், பெண் எலிகளுக்கு 100-க்கு 14 பங்கும், ஆண் எலிகளுக்கு 9 பங்கும் ஆயுள் கூடியிருந்தது. மூன்று ஊர்களில் தனித்தனியே நடந்த சோதனை இது.

எப்படி நடக்கிறது? வீட்டில் அரிசி நிறைந்திருந்தால் பழைய பானைகளை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பஞ்சம் வந்தால்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். உயிரணுவும் அப்படித்தான். உணவு பெருகினால், "வளர், வளர்" என்று சொல்லும் ஒரு விசை அதற்குள் இருக்கிறது. ராபமைசின் அந்த விசையைத் தணிக்கிறது. பஞ்சம் வந்துவிட்டதென்று எண்ணி, உயிரணு தன்னுள் கிடக்கும் பழுதுகளையும் கழிவுகளையும் எடுத்துச் செலவழிக்கிறது.

"அப்படியானால் நாங்களும் சாப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது! நோய்களை எதிர்க்கும் சக்தியை அடக்கும் மருந்து இது. வாய்ப்புண் வரலாம். இரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் ஏறலாம். ஆயுளை நீட்ட விரும்பிய அமெரிக்கக் கோடீசுவரர் ஒருவர், ஏறக்குறைய ஐந்து ஆண்டு விழுங்கிவிட்டு 2024-ல் நிறுத்திவிட்டார். தோலில் தொற்று, சர்க்கரை ஏற்றம் என்று தொல்லைகள். அவருக்குப் பக்கத்திலேயே டாக்டர்கள் இருந்தார்கள். நமக்கு?

மனிதர்களிடம் சிறு சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆயுள் கூடுமா என்று சொல்ல அவை போதா. பல்லாயிரம் பேரைப் பல ஆண்டு கவனிக்க வேண்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டும். காப்புரிமை தீர்ந்துபோன பழைய மருந்துக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? விலையுயர்ந்த புது மாத்திரையின் பின்னால்தான் அவர்கள் போவார்கள். ஆகவே அரசாங்கங்கள்தான் இந்தச் செலவை ஏற்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டு நாய்களுக்கு ராபமைசின் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு அரசாங்கப் பணம் கிடைத்திருக்கிறது. இந்த மருந்தைத் தயாரிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் நாட்டுக் கிழவர் கிழவிகளுக்காக டில்லி சர்க்கார் அப்படி ஒரு சோதனைக்குப் பணம் ஒதுக்கினால் என்ன?