எடை மெஷினைப் பரணில் போடுங்கள்!

பழைய ரயில்வே ஸ்டேஷன்களில் ஓர் எடை மெஷின் நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? கலர் பல்புகள் மினுக்மினுக்கென்று எரியும். காசு போட்டால் 'டொக்'கென்று ஓர் அட்டை வந்து விழும். ஒரு பக்கம் உங்கள் எடை. மறுபக்கம் உங்கள் எதிர்காலம். தாராள மனசு, விரைவில் தன லாபம் என்கிற ரீதியில் ஒரு வரி. ரொம்ப நேர்மையான மெஷின் அது. எடையும் ஜோசியமும் ஒரே அட்டையின் இரண்டு பக்கம் என்பதை ஒளிக்காமல் அச்சடித்துக் கொடுத்தது.

இன்று வீட்டுக்கு வீடு பாத்ரூம் வாசலில் கிடக்கிற மெஷினில் அந்த ஜோசியப் பக்கம் இல்லை. வெறும் நம்பர் மட்டும்தான். அதனாலேயே அதை வேதவாக்காக நம்ப ஆரம்பித்துவிட்டோம். இந்த நம்பிக்கையால் அதிகம் நஷ்டப்படுகிறவர்கள் யார் தெரியுமா? புதிதாக ஓட ஆரம்பிக்கிறவர்கள்.

ஜனவரி முதல் வாரம் விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். புது ஷூ, மடிப்புக் கலையாத டீ-ஷர்ட் என்று திருவிழாக் கூட்டம். மார்ச்சில் அதே இடத்துக்குப் போங்கள். பல முகங்களைக் காணோம். 'சோம்பேறிகள்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலரை மணிக்கு அலாரம் வைத்து ஆறு வாரம் எழுந்தவனை எப்படி சோம்பேறி என்பது?

எனக்குத் தெரிந்த ஒருவர், வங்கியில் வேலை, வயது 44. முதல் நாள் நாலு மின்கம்பம் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளியது. ஆறாவது வாரம் நாலு கிலோமீட்டர் நிற்காமல் ஓடினார். ஒருநாள் அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் ரிப்பேர். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். மேலே போனதும் மூச்சு வாங்காமல் வாட்ச்மேனோடு போனில் சண்டை போட்டார். இப்படிப்பட்ட மனிதர் மறுவாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால், "ஆறு வாரம் சார். வெறும் 600 கிராம்தான் குறைஞ்சிருக்கு. நமக்கு இது ஒத்து வரலை" என்கிறார்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித்தருகிற பாடம் ஒன்று உண்டு. கல்லாவில் இருக்கிற ரொக்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்து வியாபாரம் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியாது. பணத்தைப் போட்டுப் புது இயந்திரம் வாங்கியிருப்பான். கல்லா காலியாகத்தான் இருக்கும். ஆனால் கடை வளர்ந்திருக்கும். நண்பர் வங்கிக்காரர். கஸ்டமர் கணக்கில் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார். சொந்த உடம்புக்கு மட்டும் கல்லாவை எண்ணிவிட்டுக் கடையைச் சாத்திவிட்டார்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். 70 கிலோ ஆசாமி ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 70 கலோரி செலவாகும். ஐந்து கிலோமீட்டருக்கு 350. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி. ஆக, 22 நாள் ஓடினால்தான் ஒரு கிலோ. அதுவும் திரும்பி வருகிற வழியில் பொங்கல் வடைக்கு உட்காராமல் இருந்தால்! எடை குறைப்பது பெரும்பாலும் சமையலறையில் நடக்கிற வேலை. ஓட்டம் செய்கிற வேலையே வேறு.

முதல் இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் திரவ அளவு கூடுகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. வாரங்கள் போகப் போகக் கால் தசைகளில் புதுசாக மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசைகள் அதிக மாவுச்சத்தைச் சேமிக்கின்றன, கூடவே அதைப்போல மூன்று பங்கு தண்ணீரையும். இதில் எது உங்கள் எடையைக் குறைக்கும், சொல்லுங்கள்? சிலது கூட்டத்தான் செய்யும். உள்ளே இவ்வளவு பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருக்க, வாசலில் நிற்கும் மெஷின் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று ரிப்போர்ட் கொடுக்கிறது.

இந்த மெஷினின் லட்சணத்தை 2004-ல் இரண்டு டாக்டர்களே அம்பலப்படுத்தினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். இன்னொருவர் லண்டனின் யுட்கின். 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் போட்டோவையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர். தன்னுடைய பிரதான உடற்பயிற்சி மூடப்போகிற லிஃப்ட் கதவைப் பிடிக்க ஓடுவதுதான் என்று யாஜ்னிக் தன்னையே கிண்டல் செய்துகொண்டார். ஓட்டம் மட்டுமே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. மரபணுவுக்கும், யாஜ்னிக் பிறந்தபோது எடை குறைந்த குழந்தையாக இருந்ததற்கும் பங்கிருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம். எடையையும் உயரத்தையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு பேரும் ஒரே ஆள்.

விஷயம் இங்கேதான் சீரியஸ் ஆகிறது. 'நான் ஒல்லி, எனக்கென்ன' என்று மிதப்பில் இருக்கும் ஆளுக்கு மெஷின் பாஸ் மார்க் போடுகிறது. அவருக்குச் சர்க்கரை இருப்பது வேறெதற்கோ ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் தெரிகிறது. தொப்பையோடு தினமும் நாலு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கோ ஃபெயில் மார்க். அவர் மனசு விட்டுப்போய் நிறுத்திவிடுகிறார். இரண்டு பேரையும் ஏமாற்றுகிற ஒன்றுக்கு அளவுகோல் என்று பெயரா?

மெஷினை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'முப்பது நாளில் பத்து கிலோ' என்று முன்-பின் போட்டோ போட்டு விற்கிறார்களே, அவர்களுக்கு எடைதான் சரக்கு. இதயத் துடிப்பை போட்டோ பிடிக்க முடியாதல்லவா? அலுவலகங்களில் 'வெயிட் லாஸ்' போட்டி வேறு. பட்டினி கிடந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் நாலு கிலோ இறக்கியவருக்குக் கைதட்டல், கிஃப்ட் கூப்பன். கரைந்தது கொழுப்பா தசையா என்று யாரும் கேட்பதில்லை. மூன்று மாதம் ஒழுங்காக ஓடியவர் பின்வரிசையில் நின்று கைதட்டுகிறார்.

அப்படியானால் எடை முக்கியமே இல்லையா? அப்படிச் சொல்லவில்லை. அளவுக்கு மீறிய எடை மூட்டுக்கும் இதயத்துக்கும் பாரம்தான். அதைப் பார்க்க ஓர் இஞ்ச் டேப் இதைவிட யோக்கியமான கருவி. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. ஓட்டம் ஒன்றும் மந்திரித்த தாயத்தும் அல்ல. ஓட்டத்தைப் பற்றி 1977-ல் புத்தகம் எழுதி அமெரிக்காவையே ஓடவைத்த ஜிம் ஃபிக்ஸ், 1984-ல் ஓடப்போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 52. ரத்தக் குழாய்களில் அடைப்பு. அப்பாவும் இதய நோயில் சீக்கிரமே போனவர். நாற்பதைத் தாண்டியவர்கள் ஷூ வாங்குவதற்கு முன் டாக்டரைப் பார்ப்பது உத்தமம்.

பிறகு எதைத்தான் பார்ப்பது? மூன்று விஷயம். ஒன்று, அதே ரோடு, அதே வேகம், மூச்சு இரைக்காமல் பேச முடிகிறதா? இரண்டு, ஓடி முடித்தபின் மூச்சு எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது? மூன்று, காலையில் கண் விழித்ததும், காபிக்கு முன்னால், நாடித் துடிப்பு எவ்வளவு? 78-ஆக இருந்தது 66-க்கு வந்தால் நிமிடத்துக்கு 12, நாளொன்றுக்கு 17,280 துடிப்பு இதயத்துக்கு மிச்சம். இந்தச் சேமிப்பைக் காட்ட எந்த எடை மெஷினாலும் ஆகாது. பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே இதையும் குறித்துவையுங்கள். சித்திரை வெயிலில் மூச்சு அதிகமாக வாங்கினால் பயப்படாதீர்கள். அது வெயிலின் வேலை, மார்கழியில் சரியாகிவிடும்.

பேச்சுப் பரீட்சையை லேசாக நினைக்காதீர்கள். பின்னாளில் நைக்கி கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் பவர்மேன், அமெரிக்காவில் பெரிய ஓட்டப் பயிற்சியாளர். 1960-களின் தொடக்கத்தில் நியூஸிலாந்து போனவர், ஆர்தர் லிடியார்ட் என்கிற பயிற்சியாளர் நடத்திய ஜாகிங் கூட்டத்தில் சேர்ந்து ஓடினார். பார்க்க ஆள் ஜம்மென்றுதான் இருந்தார். கொஞ்ச தூரத்திலேயே திணறிப் பின்தங்கிவிட்டார். துணைக்கு வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்பு கண்டு மீண்ட ஒரு பெரியவர். அவர் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓட, பவர்மேனால் பதில்கூடச் சொல்ல முடியவில்லை. ஊர் திரும்பியதும் ஜாகிங்கை அமெரிக்காவில் பரப்புவதுதான் அவருடைய வேலையாகிப்போனது.

ஆகவே, நாளைக்குக் கல்யாண வீட்டில் யாராவது உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓடறீங்கன்னு சொன்னாங்க, அப்படியேதான் இருக்கீங்க?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். "ஆமாங்க, அப்படியேதான் இருக்கேன். வாங்களேன், பேசிக்கிட்டே ஒரு கிலோமீட்டர் ஓடிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள்.

அரை கிலோமீட்டருக்கு அப்புறம் நீங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்!