சிறுவிடையும் பெருவிடையும் ஒரே கூட்டில் வளர்த்தல் தகுமா?

சிறுவிடைப் பெட்டைகளின் நடுவே ஒரு பெருவிடைச் சேவலை விட்டுவிட்டால் குஞ்சுகள் யாவும் பருத்து நல்ல விலைக்குப் போகும் என்று குடியானவர் பலர் எண்ணுகின்றனர். சந்தையில் பெருவிடைச் சேவலுக்குக் கிடைக்கும் விலையை நோக்குங்கால் இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. ஆயினும் இரண்டையும் வரையறையின்றிக் கலந்து விடுவதில் லாபத்தைக் காட்டிலும் நஷ்டமே மிகுதி. ஒரே முற்றத்தில் இரண்டும் மேயலாம். தீனி, இராத்தங்கல், இனச்சேர்க்கை ஆகிய மூன்றிலும் அவற்றைப் பிரித்து வைத்தலே முறை.

முதலாவது கவனிக்க வேண்டியது எடை வித்தியாசம். வளர்ந்த சிறுவிடைப் பெட்டை ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை நிற்கும். பெருவிடைச் சேவலோ மூன்று, நான்கு கிலோவுக்கும் மேற்படும். இத்தகைய சேவல் ஓயாமல் மிதிப்பதனால் சிறு பெட்டையின் முதுகில் இறகு உதிர்கிறது. கால்முள் கீறிப் புண் உண்டாகிறது. புண்ணில் ஈ மொய்த்துப் புழுவும் வைக்கிறது. சிறுவிடைச் சேவலைப் பெருவிடைப் பெட்டைகளோடு விட்டாலோ, உயர வித்தியாசத்தால் சேர்க்கை பல வேளை நிறைவேறுவதில்லை. இருபத்தொரு நாள் அடைகாத்த பின் கூமுட்டைகளே மிஞ்சும். அழகுக்காக வளர்க்கப்படும் பான்டம் என்னும் குறுங்கோழிகள் சிறுவிடையினும் சிறியவையாதலால், அவற்றின் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் அதிகமாக வேண்டும்.

இரண்டாவது, தீனி. கோழிகளுக்குள் இன்னது முன், இன்னது பின் என்னும் வரிசை உண்டென்பதை நார்வே தேசத்து ஷெல்டெருப்-எப்பே என்பவர் ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உருவத்தில் சிறியது எப்பொழுதும் தோற்கும் என்பதில்லை. துடுக்கான சிறு சேவல் பெரிய சேவலை விரட்டுவதும் உண்டு. ஆயினும் ஒரே தொட்டியில் கம்பும் குருணையும் வைத்தால், எளிய பெட்டைகளும் இளங்குஞ்சுகளும் பசியோடு ஒதுங்கி நிற்கும். இரண்டு மூன்று இடங்களில் தீனி வைப்பதும், குஞ்சுகள் மட்டும் நுழையத்தக்க இடைவெளியுள்ள பஞ்சாரத்தினுள் அவற்றின் தீனியை வைப்பதும் செலவில்லாத பரிகாரங்கள். இரவில் சிறுவிடை உயரத்தில் ஏறி அடையும். பெருவிடைக்கோ தாழ்ந்த கழியே ஏற்றது. கனத்த உடலோடு உயரத்திலிருந்து குதித்தால் அதன் பாதத்தில் அடிபட்டு வீக்கம் காணும்.

மூன்றாவதும் முக்கியமானதுமான விஷயம் இனத்தைக் காப்பது. விதைநெல்லில் வேற்றுநெல் கலந்தால் வயல் என்னாகும் என்பதைக் குடியானவருக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. கலப்பில் பிறந்த முதல் தலைமுறை சற்றுப் பருத்திருக்கலாம். அக்கலப்புக் கோழிகளையே மேலும் மேலும் இணைத்தால், பிறக்கும் குஞ்சுகள் ஒன்றுபோல் ஒன்றிராமல் பல தினுசாய்ப் போகும். பெருவிடையின் எடையும் நிற்பதில்லை. சிறுவிடையின் குணமும் நிற்பதில்லை. அற்பத் தீனியில் வாழ்தல், குப்பையில் தானே இரை தேடுதல், நாய்க்கும் பருந்துக்கும் தப்பிப் பறத்தல், பெருவிடையினும் மிகுதியாக முட்டையிடுதல் ஆகிய குணங்களால்தான் சிறுவிடை ஏழை வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு உதவி வருகிறது. ஓர் ஊரில் அவ்வினம் கலந்து அழிந்தபின் அதை மீட்பது எளிதன்று.

சிறு குடித்தனக்காரருக்கு இரண்டு கொட்டகை கட்ட இடமேது, பொருளேது என்று சிலர் ஆட்சேபிப்பர். இரண்டு கொட்டகை வேண்டுவதில்லை. பெட்டைகள் பகலில் ஒன்றாகவே மேயட்டும். அடைக்கு முட்டை சேர்க்கும் காலத்தில் மட்டும் வேற்றினச் சேவலைக் காலில் கயிறிட்டுக் கட்டியோ, பஞ்சாரத்தில் கவிழ்த்தோ வைத்தால் போதும். சேவலைப் பிரித்த பின்னும் அதன் வித்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்குமாதலால், மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளையே இன விருத்திக்கு எடுத்தல் வேண்டும்.

இரண்டையும் சேர்த்து வளர்ப்பதில் ஓர் உண்மையான ஆதாயமும் உண்டு. பெருவிடை இடுவது சில முட்டைகளே. அதுவும் அடைகாத்துக் குஞ்சு மேய்க்கத் தொடங்கினால் பல வாரங்கள் முட்டையின்றிக் கழியும். அதன் முட்டைகளைச் சிறுவிடையின் கீழ் அடைவைத்தால், பெருவிடை சீக்கிரம் மறுபடியும் முட்டைக்கு வரும். சிறுவிடை உடல் இலகுவானதாதலால் முட்டையை நசுக்குவதும் குறைவு. பெரிய முட்டைகளாதலால், அதன் சிறகு நன்றாக மூடும் அளவுக்கு எண்ணிக்கையைக் குறைத்து வைக்க வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பும் இவ்வழியே, கண்டபடி கலப்பதைவிட மேலானது.

நோய் விஷயத்தில் பெரிதும் சிறிதும் ஒன்றே. குமாவூன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூரின் பெயர் பெற்ற வெள்ளைக்கழிச்சல் நோய் எடை பார்த்து வருவதில்லை. சந்தையில் வாங்கிய பெருவிடையை அன்றே கூட்டில் சேர்ப்பது பெரும் பிழை. இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே சேர்த்தல் வேண்டும். தடுப்பூசியும் விலையுயர்ந்த சேவல்களுக்கு மட்டும் போட்டுச் சிறுவிடைகளை விட்டுவிடலாகாது. விடப்பட்டவற்றில் நோய் பற்றினால் அது ஊர் முழுவதும் பரவும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும், கால்நடை மருந்தகத்தாரோடு கலந்து ஊர் முழுமைக்கும் ஒரே நாளில் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தல் நலம். ஊருக்கு இரண்டொரு குடும்பத்தாரேனும் கலப்பற்ற சிறுவிடைச் சேவல்களைத் தனியே காத்து, அயலாருக்கு அடைமுட்டை கொடுக்கும்படி அவர்கள் தூண்டுவார்களாயின், பெருவிடையால் வரும் விலையும் கிட்டும். சிறுவிடையால் வரும் நித்திய வருவாயும் கெடாது.