மறைக்கச் சொல்லும் விதி

நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கும் மேல். 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. தில்லி எய்ம்ஸ் முன்னின்று நடத்திய அந்த ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார்.

அதே ஆண்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவக் காப்பீட்டுக்கான விலக்குகளை வகுத்தபோது, குடிப்பழக்கமும் அதன் விளைவுகளும் பட்டியலில் இடம்பெற்றன. பலன், மஞ்சள் பூத்த கண்களோடு வரும் நோயாளி குடிப்பதை மறைக்கிறார். வீட்டாரும் மறைக்கின்றனர்.

மதுவால் நேரும் கல்லீரல் அழற்சியை எந்த ஒரு ரத்தப் பரிசோதனையும் தனித்துக் காட்டிவிடாது. ஏ.எஸ்.டி. அளவு ஏ.எல்.டி.யின் ஒன்றரை மடங்கைத் தாண்டுவதும், பிலிருபின் 3 மில்லிகிராமைக் கடப்பதும் தடயங்களே. நோயாளி வாய் திறந்தால்தான் அவற்றுக்குப் பொருள். தீவிர நிலையில் தரப்படும் பிரெட்னிசலோனும் ஏழாம் நாளில் பலன் தெரியாவிட்டால் நிறுத்தப்படுகிறது. பென்டாக்ஸிபிலின் உயிர் காப்பதில்லை என்பதை 2015-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது. எஞ்சுவன குடியை விடுவதும் ஊட்டமான உணவும். வெகு சிலருக்கு மாற்றுக் கல்லீரல். குடித்ததையே ஒப்புக்கொள்ளாதவரிடம் குடியை விடச் சொல்வது எப்படி?

மதுவின் வருவாயை இழக்க மனமின்றி அதை ஜி.எஸ்.டி.க்கு வெளியே வைத்திருக்கின்றன மாநிலங்கள். கஜானாவுக்கு வேண்டியவராக இருந்த குடிமகன், படுக்கையில் விழுந்ததும் தன்வினையை அனுபவிப்பவராகிவிடுகிறார். விலக்கை அடியோடு நீக்க நிறுவனங்கள் இணங்கா. முதல்முறை இந்நோயோடு வருபவரின் மருத்துவமனைச் செலவையேனும் அதிலிருந்து விடுவிக்க ஆணையம் முன்வர வேண்டும்.