யாருக்குச் சுதந்திரம்?

பியூரிட்டன்கள் மத சுதந்திரம் தேடி அமெரிக்கா போனார்கள் என்று நான் படித்த பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் இருந்தது. இப்போது என் பேரன் படிக்கும் ஆங்கிலப் புத்தகத்திலும் அதே வரிதான். இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கெடுதல் செய்யும். அவர்கள் கேட்டது தங்களுக்கான சுதந்திரம் மட்டுமே.

நியூ ஹேவன் என்ற சின்னஞ்சிறு காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1638ல் ஜான் டேவன்போர்ட் என்ற பாதிரியாரும் தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரும் சேர்ந்து உண்டாக்கியது. அங்கே காலகாலமாக வாழ்ந்த குவின்னிபியாக் மக்களிடம் சில கோட்டு, கரண்டி, கோடரி, கத்திகளைக் கொடுத்து நிலத்தை எழுதி வாங்கினார்கள். 1639ல் கூடி, திருச்சபையில் சேர்க்கப்பட்டவனுக்கே ஓட்டு, அவனுக்கே பதவி என்று முடிவு செய்தார்கள். மோசேயின் சட்டத்தில் ஜூரி இல்லை என்று ஜூரி விசாரணையையும் எடுத்துவிட்டார்கள்.

விளைவு என்ன? ஒற்றைக் கண் ஊனமான ஜார்ஜ் ஸ்பென்சர் என்ற வேலைக்காரன். ஒரு பன்றி ஒற்றைக் கண்ணோடு குட்டி போட்டது. தகாத உறவு என்று இவனைப் பிடித்தார்கள். ஒப்புக்கொண்டான், மறுத்தான், மறுபடி ஒப்புக்கொண்டான், மறுபடி மறுத்தான். வேதப்படி இரண்டு சாட்சி வேண்டும். செத்த குட்டி ஒரு சாட்சி, அவன் மறுத்துவிட்ட வாக்குமூலம் இன்னொரு சாட்சி! 1642ல் தூக்கில் போட்டார்கள்.

கவர்னர் ஈட்டனின் மனைவி ஆன், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்று நினைத்தார். மாமியாரை அடித்தார் என்பது போன்ற வீட்டுச் சண்டைகளையும் சபையில் குற்றப்பட்டியலாக வாசித்து, 1645ல் அவரை விலக்கி வைத்தார்கள். (நம் சென்னை ஜார்ஜ் கோட்டையில் பின்னாளில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் பாட்டி இவர்.) 1658ல் ஹம்ஃப்ரி நார்ட்டன் என்ற குவேக்கரைச் சாட்டையால் அடித்து, மதத்துரோகி என்பதற்கான ஆங்கில முதலெழுத்தை அவர் கையில் சூடு போட்டார்கள்.

இவை எதிரிகள் கட்டிவிட்ட கதைகள் அல்ல. அவர்களே எழுதி வைத்த பதிவேடுகளில் இருப்பவை. ஆயுள் முழுக்க கோப்பு எழுதிய குமாஸ்தா நான். தான் செய்வது நியாயம் என்று நூறு சதவீதம் நம்புகிறவன்தான் இவ்வளவு சுத்தமாகக் குறிப்பு எழுதி வைப்பான்.

"அந்தக் காலம் அப்படி சார்" என்பார்கள். அப்படியா? பிரான்சின் கத்தோலிக்க மன்னர் நான்காம் ஹென்றி, 1598லேயே நாந்த் ஆணை மூலம் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்தார். பக்கத்திலேயே ராஜர் வில்லியம்ஸ் 1636ல் பிராவிடன்ஸ் ஊரை உண்டாக்கி, மனச்சாட்சி விஷயத்தில் அரசு தலையிடக் கூடாது என்றார். குவேக்கர்களோடு அவர் வாதாடினார், ஆனால் சூடு போடவில்லை. ஆக, காலத்தின் மேல் பழி போட முடியாது.

1662ல் இரண்டாம் சார்லஸ் கனெக்டிகட்டுக்குக் கொடுத்த சாசனம் இந்தக் காலனியையும் விழுங்கியது. 1665க்குள் கதை முடிந்தது. சபைக்கு வெளியே இருப்பவனும் ஓட்டுப் போடுவதைப் பொறுக்காத சிலர், மூட்டை கட்டிக்கொண்டு போய் 1666ல் நியூவார்க் என்ற புது ஊரை உண்டாக்கினார்கள். அங்கேயும் சபையாருக்கே ஓட்டு! இந்த முறை அவர்களை யாரும் துன்புறுத்தவில்லை. அடுத்தவனுக்குக் கிடைத்த உரிமைதான் அவர்களைத் துரத்தியது.

பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் அந்த வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கட்டும்: "தங்கள்" மத சுதந்திரம் தேடிப் போனார்கள். பிள்ளைகளுக்கு மீதி தானாகப் புரியும்.