வன்தட்டும் வணிக நேர்மையும்

ஏட்டுச் சுவடிகளைச் செல்லரித்தது. அச்சு நூல்களைக் காலம் பழுப்பேற்றியது. இன்று அவற்றையெல்லாம் படமெடுத்து, ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டில் சேர்த்துவிட்டு, இனி அழிவில்லை என்று அமைதி கொள்கிறோம். அந்த அமைதி, வாங்கிய தட்டு உண்மையானதாக இருக்கும்வரைதான்.

பழைய இசுலாமியத் தமிழ் நூல்களைப் படமெடுத்துக் காக்கும் பொருட்டு யாம் அண்மையில் வன்தட்டு ஒன்று வாங்கினோம். உறை புதிது, விலையும் புதியதன் விலையே. கணிப்பொறியில் பொருத்திப் பார்த்தபோது, அது முன்னரே பல்லாயிரம் மணிநேரம் உழைத்தது எனத் தெரிந்தது. விற்றவரோ, "எங்களுக்கு வந்ததைத்தான் உங்களுக்குக் கொடுத்தோம், சார்" என்றார். அவர் பொய்யுரைத்தார் எனக் கூறோம். ஆயினும், தாம் விற்கும் பொருளை அவர் ஆராயவில்லை என்பது உறுதி.

வன்தட்டு தான் இயங்கிய நேரத்தை 'ஸ்மார்ட்' என்னும் பதிவில் குறித்துவைக்கும். ஆண்டொன்றுக்கு 8,760 மணிநேரம் என்று கொண்டால், அதன் வயதை எவரும் கணக்கிடலாம். ஆனால் பழைய காரின் ஓட்டக் கணக்கைத் திருத்துவதுபோல் இப்பதிவையும் அழிக்க இயலும். 2025 ஜனவரியில் செருமனியில் இது வெளிப்பட்டது. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் வன்தட்டுகள் பல, முன்பே நெடுங்காலம் பயன்பட்டவை என்று தெரியவந்தது. ஸ்மார்ட் பதிவு அழிக்கப்பட்டிருந்தும், அந்நிறுவனத் தட்டுகளில் தனியே உள்ள 'ஃபார்ம்' என்னும் பதிவு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்னும் இலவச மென்பொருளால் இவ்விரண்டையும் நாமே படிக்கலாம்.

இன்னும் இரு சோதனைகள் உண்டு. மேலே ஒட்டிய சீட்டிலுள்ள வரிசை எண்ணும், தட்டு தானே தெரிவிக்கும் எண்ணும் ஒன்றாதல் வேண்டும். அவ்வெண்ணை உற்பத்தியாளரின் இணையதளத்தில் இட்டு உத்தரவாதக் காலத்தையும் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து, தட்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். சிறிய கொள்ளளவைப் பெரியதாகக் காட்டும் போலிகளின் சாயம் அப்போது வெளுத்துவிடும்.

இவ்வாறு சோதிப்பது வணிகரை அவமதிப்பதாகாதா எனச் சிலர் வினவுவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணுமாறு அதை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நாயகம் அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். அங்கே குற்றமாவது ஈரமன்று, மறைப்பே. குவியலின் மேற்பரப்பைக் கண்டு அமையாது உள்ளே கைவிட்டு ஆராய்ந்ததும் நமக்கு ஒரு பாடமன்றோ? நடுவுநிலைமை அதிகாரத்தை வணிகர்க்குரிய அறத்தோடு முடித்த வள்ளுவரும், பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுவதையே வாணிகம் என்றார்.

பழைய வன்தட்டை விற்பது பிழையன்று. பழையதெனச் சொல்லி, இயங்கிய நேரத்தைக் காட்டி, அதற்கேற்ற விலை பெறுவது நேரிய வணிகமே. பொருள் குறைந்த மாணவர்க்கு அது உதவியுமாகும். பழையதைப் புதியதென்று விற்குமிடத்து, வாங்கியவரின் பணம் மட்டும் போவதில்லை. ஒருவரின் ஆய்வேடும், ஒரு குடும்பத்தின் நிழற்படங்களும், ஒரு சமுதாயத்தின் நூல்களும் உடன் போகின்றன. பணத்தைத் திருப்பித் தரலாம். அவற்றை எவர் தருவார்?

நம் மாணவருள் பலர் வணிகக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். நாளை கடையின் கல்லாவில் அமர்பவர்கள். அவர்களிடம் யாம் வேண்டுவது இதுவே: வாங்கும்போது குவியலுக்குள் கைவிட்டுப் பாருங்கள், விற்கும்போது ஈரத்தை மேலே வையுங்கள். பிறர் நம்மிடம் ஒப்படைத்தது அமானிதம். அதைக் காக்கும் தட்டும் ஐயத்திற்கு இடமற்றதாய் இருத்தல் வேண்டும்.