சரக்கு நம்முடையது, வார்த்தை யாருடையது?



ஒரு காலத்தில் விருதுநகர், சேலம் மண்டிகளிலிருந்து நமக்கு விலை விவரம் தபால் கார்டில் வரும். படித்ததும் கம்பியில் குத்தி வைப்போம். இரண்டு வரி படித்தாலே எழுதியவர் யார் என்று சொல்லிவிடலாம். "இந்த வாரம் பருப்பு சுமார்தான், அவசரமில்லை என்றால் பத்து நாள் பொறுக்கவும்" என்று ஒருவர் எழுதுவார். அந்த ஒரு வரிக்காகவே மறுமாதம் அவரிடம் பத்து மூட்டை கூடுதலாகச் சொல்லுவோம்.

இன்று கார்டின் இடத்தில் கைபேசி வந்துவிட்டது. சிறு வணிகர்களுக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் 2018-இல் வந்தது. வெளியூர் மொத்த வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் லிங்க்ட்இன் தளத்தில் தொடர்பு கொள்கிறார்கள். வசதிதான், வரவேற்கிறோம். ஆனால் கள்ளக்குறிச்சிக் கடையும் கோயம்புத்தூர்க் கடையும் ஒரே வாசகத்தைப் போடுகின்றனவே! 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் இது இன்னும் அதிகமாகிவிட்டது. பெயர்ப் பலகையை மாற்றினால் எந்தக் கடைக்கும் பொருந்தும் எழுத்து, எந்தக் கடைக்கும் ஆள் கொண்டுவராது.

நாமும் அந்தத் தவறைச் செய்தவர்கள்தாம். புளி சீசனில், "இயற்கையின் கொடை, பாரம்பரியத்தின் சுவை" என்று ஒரு ஆயத்தப் பதிவைப் போட்டோம். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. மறுவாரம் நாமே எழுதினோம்: "கல்வராயன் மலைப் புளி வந்திருக்கிறது. கொட்டை எடுத்தது. மழை பட்டதால் நிறம் கொஞ்சம் கருப்பு. நார் உண்டு. ரசத்துக்கு நன்றாக இருக்கும்." அன்று மாலையே சின்னசேலத்திலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் கேட்டார்கள். குறையைச் சொன்னதால் நிறையை நம்பினார்கள்.

இரவல் வார்த்தையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மலைச் சாமையும் தினையும் விற்கும் கடைகள், "சர்க்கரை நோய் குணமாகும்" என்று வந்த செய்தியை அப்படியே அனுப்புகின்றன. அனுமதியில்லாமல் உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் குணம் சொல்வதை 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. உணவைப் பற்றித் தவறான விளம்பரம் வெளியிட்டால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். எழுதியவன் எங்கோ இருப்பான். பதில் சொல்ல வேண்டியவர் நாம்.

எழுத வராதே என்று தயங்க வேண்டாம். ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ஆள் வைத்து எழுத வசதியில்லாதவரா? தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறை கிராமத்தில் தாம் கண்டதையும் தொழிலையும் பற்றித் தம் போக்கில்தான் எழுதி வந்திருக்கிறார். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தை விற்பவரும் எந்த மரம், எத்தனை நாள் வேலை என்று எழுதினால் போதாதா? அதை எந்த இயந்திரமும் அவருக்காக அறிந்து சொல்ல முடியாது.

சரக்கு எங்கிருந்து வந்தது, இன்றைய விலை என்ன, குறை என்ன, எதற்கு உகந்தது — இந்த நான்கையும் பேசுகிற தமிழில் எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க இயந்திரத்தைக் கேட்பதில் தவறில்லை. அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் வார்த்தை இருந்தால், அதை அடித்துவிடுங்கள்.